வாய்ப்பை உருவாக்குகிறவர்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் ஹாக்கி அணி தோற்றுவிட்டது என்று அந்த அணிக்காரர்கள் வாயால் யாரும் கேட்டதில்லை. தோற்பதெல்லாம் வழக்கம்போல் நடக்கும். ஆனால் மேட்ச் முடிந்து கேன்டீனில் டீ கிளாஸோடு உட்கார்ந்ததும் கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னைக்கு நெறைய வாய்ப்பு உருவாக்கினோம்" என்பார். கோல்கீப்பர் ஆமாம் போடுவார். டீ ஆறுவதற்குள் கோல் வாங்கிய கதையையே எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

கேப்டன் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். யாருக்கு ராத்திரி வேலை, யாருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று முடிவு செய்கிற புண்ணியவான். மைதானத்தில் சென்டர் ஃபார்வர்டு. இந்த இரண்டு பதவிக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்த பசைப் பிரிவு ஆள் ஒருத்தன், ஒரு மேட்சில் பந்தை அவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டான். அதன்பிறகு வெகுநாள் அவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிடவில்லை. அதிலிருந்து எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது. பந்து யார் ஸ்டிக்கில் சிக்கினாலும் கேப்டனுக்குத்தான் போகும்.

லெஃப்ட் ஹாஃபில் ஆடுகிறவனுக்கு உடும்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். எதிரியின் ஸ்டிக்கில் இருக்கும் பந்தின்மேல் கண் வைத்துவிட்டால் விடமாட்டான். குனிந்து, கூடவே ஓடி, ஸ்டிக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, ஆள்மேல் படாமல் பந்தை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடுவான். உருவியதைக் கேப்டனிடம் கொடுப்பான். கேப்டன் அதைக் கோலுக்கு முன்னாலிருக்கிற வட்டத்துக்குள் கொண்டுபோய், இந்தப் பக்கம் ஓர் ஆட்டம், அந்தப் பக்கம் ஓர் ஆட்டம் என்று வேடிக்கை காட்டி, பத்திரமாக எதிரியிடம் ஒப்படைப்பார். உடும்பு மறுபடி போய்ப் பிடுங்கி வருவான். வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் என்பது கேப்டனுக்குத் தெரியும். அடிக்க வேண்டும் என்பதுதான் ஞாபகத்துக்கு வராது. இதை எடுத்துச் சொல்ல உடும்புக்கு வழியில்லை. கேப்டன் அவன் மனைவியின் அண்ணன்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வந்த அன்றே ஜன்னலைத் திறந்து மைதானத்தைப் பார்த்தார். அவர் கண்ணுக்குப் புல் படவில்லை, லாரி நிறுத்துகிற இடம்தான் பட்டது.

"வெள்ளிக்கிழமை பெயின்ட் கம்பெனியோட மேட்ச் இருக்கில்ல? ஜெயிச்சா கிரவுண்டு அப்படியே இருக்கட்டும். இல்லேன்னா சிமென்ட் போட்டுரலாம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "டிரா ஆனாலும் சிமென்ட்தான்" என்று சேர்த்துக்கொண்டார். அணியைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"சார், நெறைய வாய்ப்பு உருவாக்கி, கோல் மட்டும் வராமப் போயிட்டா?" என்று கேட்டார் கேப்டன்.

"அந்த வாய்ப்பு மேலயே லாரிய நிறுத்திக்கலாம்."

உடும்புக்கு அன்று சோறு இறங்கவில்லை. பகலெல்லாம் மெஷின் முன்னால் ஒரே இடத்தில் நின்று, அட்டை உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்க்கிற பிழைப்பு. சாயங்காலம் அந்தப் புல்லில் ஓடும்போதுதான் தனக்கும் இரண்டு கால் இருப்பது அவனுக்குத் தெரியும். அதுவும் போய்விட்டால் மெஷினுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தபோது உண்மையாகவே பயமாக இருந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தான். "உங்கண்ணன்கிட்ட நீயாவது சொல்லேன். வலது பக்கம் எலக்ட்ரீஷியன் சும்மாவே நிக்கிறான். ஒரே ஒரு தடவ பந்த அவன் பக்கம் தள்ளிவிடச் சொல்லு."

"நான் சொல்லியா கேக்கப் போறான்? சின்ன வயசுல அப்பா ஒரு சைக்கிள் வாங்கித் தந்தாரு, ரெண்டு பேருக்கும்னு. அத வித்த அன்னைக்குத்தான் நான் தொட்டேன். தொடச்சுக் குடுக்கிறதுக்கு" என்றாள் அவள். ஒரு சட்டையை உதறி மடித்துவிட்டு, "அதுக்காக எங்கண்ணன நீங்க கொற சொல்லாதீங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெயின்ட் கம்பெனியாலும் கோல் அடிக்க முடியவில்லை, உடும்பு விடவில்லை. அட்டைப்பெட்டிக்காரர்களும் அடிக்கவில்லை, கேப்டன் விடவில்லை. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் உடும்பு பெயின்ட் கம்பெனி ஆளிடமிருந்து ஒரு பந்தை உருவினான். ஓடினான். எதிரே பாதி மைதானம் காலியாகக் கிடந்தது. ஆனாலும் பழக்கதோஷம், கேப்டனுக்குக் கொடுத்துவிட்டான்.

கேப்டன் வட்டத்துக்குள் நுழைந்தார். பந்தைத் தடுக்க முன்னால் பாய்ந்த எதிரணிக் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து, கட்டியிருந்த பேடுகளின் கனத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கோல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கேப்டன் அடிக்கவில்லை. மேனேஜர் பார்க்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பார்க்கிறார் என்று தெரிந்ததும் இந்தப் பக்கம் ஓர் ஆட்டம் ஆடினார். பெயின்ட் கம்பெனி ஆட்கள் இரண்டு பக்கமிருந்தும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமும் ஆட அவர் பந்தை இழுத்தார்.

உடும்பு வட்டத்துக்குள் ஓடி வந்தான். தன் கண்ணுக்குப் பந்து மட்டும்தான் தெரிந்தது, சட்டை தெரியவே இல்லை என்று பின்னால் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். பொய். சட்டையும் தெரிந்தது, சட்டைக்குள்ளிருந்த மச்சானும் நன்றாகத் தெரிந்தார். குனிந்தான். ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்தான். ஆள்மேல் படாமல் பந்தை மட்டும் உருவினான்.

கேப்டன் பந்தில்லாமலே இன்னும் ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கையில், கோலின் பின்பலகை டொக்கென்று சத்தம் போட்டது.

நடுவர் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு நின்றார். சொந்த அணிக்காரனிடமே பந்தைப் பறிப்பதைத் தடுக்கும் விதி ஏதாவது இருக்கிறதா என்று மண்டையைக் குடைந்து பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. கோல் என்று ஊதிவிட்டார்.

"மாப்ள, அது என் பந்து" என்றார் கேப்டன்.

"ஆமா மச்சான்" என்றான் உடும்பு.

கேன்டீனில் டீ வருவதற்குள் கேப்டன் சுதாரித்துக்கொண்டார். "கடைசி நிமிஷம் கவனிச்சீங்களா? ரெண்டு பேர என் பக்கம் இழுத்து, பந்த தோதா வெச்சுக்கிட்டு நின்னேன். மாப்ள வந்து எடுத்துக்கிட்டான். இதுக்குப் பேருதான் வாய்ப்ப உருவாக்கறது." எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜரும் தட்டினார். அவருக்கும் மேலே ஒரு மேனேஜர் இருக்கிறார், அவரிடம் இந்த மாதிரிப் பேசி இவருக்கும் பழக்கம்தான். கேப்டன் உடும்பின் தோளில் ஆசையாகக் கைபோட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்துவிடும்படி சொன்னார். போகட்டும், மைதானம் பிழைத்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே உடும்பு மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். மற்றவர்கள் வாயால் அவள் கேட்பதைவிட இது மேல் என்று நினைத்தான். அண்ணனைப் பற்றியது. என்ன வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியிருக்குமோ என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அவன்கிட்டேருந்தா?"

"ஆமா."

"அவனா விட்டுட்டானா?"

"அவரு விடல. நான்தான் எடுத்தேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் துடைப்பம் இருந்தது. உடும்பு சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவள் அதை அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்படிப் பிடுங்குனீங்கன்னு காட்டுங்க" என்றாள். "மெதுவா."