சுவரிலிருந்து வராத மஞ்சள்

அக்கா அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சாயப்பெட்டி. தெருவில் நடக்கும்போதுகூடக் கடைப் பலகைகளைப் பார்த்து, "ஐயோ, இந்தப் பச்சை மேல அந்த எழுத்து எடுபடலையே!" என்று அங்கலாய்ப்பவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

அந்தச் சாயப்பெட்டிக்கு ஒரு பிரசவ மருத்துவமனையின் வேலை கிடைத்திருந்தது. வாசல் பலகை, மருந்துச்சீட்டு, சுவர் என எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பம் போல் நிற்கும் நிறங்களை வகுத்துக் கொடுக்க வேண்டும். லேசுப்பட்ட வேலையா அது? முதல் நிறம் எது, அதற்குத் துணை எது, எதன் மேல் எந்த எழுத்து கண்ணுக்குத் தெரியும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். எடுத்த எடுப்பிலேயே நீலத்தைத் தூக்கிக் கடாசினாள்.

"எல்லா ஆஸ்பத்திரியும் நீலத்தைப் பூசிக்கிட்டு நிக்குது டாக்டர். உயிரே இல்லாத நிறம்" என்று மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டரம்மாவிடம் அடித்துச் சொன்னாள்.

அவள் தேர்ந்தெடுத்த நிறம் மஞ்சள். காலை வெயில் ஜன்னல் வழியே விழுந்தால் ஒரு மஞ்சள் வருமே, அது. டாக்டரம்மாவுக்கும் பிடித்துப்போயிற்று. முதலில் ஓர் அறைக்கு அடித்துப் பார்ப்போம், சரிப்பட்டால் கட்டடம் முழுக்க அடிக்கலாம் என்றார்.

அந்த அறையில்தான் அக்கா பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். சாயப்பெட்டி அடம்பிடித்து வாங்கிக் கொடுத்த அறை. விரிப்பு, நர்ஸின் வெள்ளை உடை, அக்காவின் முகம் எல்லாவற்றிலும் சுவரின் மஞ்சள் லேசாகப் படிந்திருந்தது. பிள்ளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "தங்கக்கட்டிடா நீ" என்று அத்தான் கொஞ்சிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் நர்ஸ் மட்டும் அவன் நெற்றியை உற்றுப் பார்த்தார். பிறகு தானே சிரித்துக்கொண்டார்.

"இந்த ரூம்ல நானே மஞ்சளாத்தான் தெரியுறேன். எல்லாம் சுவரோட வேலை."

சாயப்பெட்டிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"உன் பையன் அழவே மாட்டேங்குறானே அக்கா?"

"தொல்லையே இல்லடி. பாலுக்குக்கூட எழுப்பி எழுப்பித்தான் குடுக்கிறேன்."

"என் மஞ்சள் தாலாட்டுது, பார்த்தியா?"

கட்டடம் முழுக்க மஞ்சள் அடிக்கச் சம்மதம் வாங்கும் கூட்டம் மறுநாள். அதில் காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. பிள்ளையை மடியில் வைத்திருந்த அக்காவின் கையில் ஒரு சாம்பல் நிற அட்டையைத் திணித்தாள்.

"என்னடி, கைதியப் படம் பிடிக்கிற மாதிரி?"

"இந்தச் சாம்பல் எப்படி இருக்கணும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும் அக்கா. அதை வச்சு, சுவரும் வெளிச்சமும் ஏத்திவிட்ட நிறத்தையெல்லாம் கழிச்சிடும்."

அங்கேயே மூலையில் உட்கார்ந்து லேப்டாப்பில் படத்தைத் திறந்தாள். அட்டையின் மேல் ஒரு கிளிக். விரிப்பு வெள்ளையானது. அக்காவின் முகம் அதன் சொந்த மாநிறத்துக்குத் திரும்பியது. சுவரிடம் இரவல் வாங்கியவர்கள் எல்லாரும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை மட்டும் கொடுக்கவில்லை.

செய்த திருத்தத்தை அழித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். அப்படியேதான் இருந்தான். அவனுடைய மஞ்சள், சுவரிலிருந்து வந்ததே அல்ல.

"அக்கா, பிள்ளையக் குடு."

"தூங்குறான்டி."

"குடுன்னா குடு!"

நடைக்கோடியில் இருந்த பெரிய ஜன்னலுக்கு ஓடினாள். நர்ஸும் பின்னாலேயே வந்தார். பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் மார்பை விரலால் அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் மஞ்சளாக நின்றது. நர்ஸின் முகத்தில் சிரிப்பு இல்லை. ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலை, அதுவும் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னும் விட்டிருந்தா மூளையத் தொட்டிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "அழாமத் தூங்கிட்டே இருந்ததும் இதனாலதான். உடனே விளக்குல வைக்கணும்."

விளக்கைப் போட்டதும் சாயப்பெட்டி கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தாள். நீலம்! வெளிச்சம் படாமல் கண்ணைக் கட்டியிருந்த அந்தப் பச்சைமண், நீல வெளிச்சத்துக்குள் கையைக் காலை விரித்துக்கொண்டு கிடந்தது.

"மருந்து எதுவும் குடுக்கலையா டாக்டர்?"

"இந்த நிறம்தான் மருந்து. ரத்தத்துல இருக்கிற மஞ்சள் இந்த நீலத்தை உறிஞ்சிக்கும். உறிஞ்சினதும் உரு மாறி வெளிய போயிடும்."

மஞ்சளுக்கு நேரெதிர் நிறம் நீலம் என்பது அவள் தொழிலில் முதல் பாடம். கண்ணுக்கு எடுப்பாக இருக்கும் என்று இத்தனை வருடமாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அந்த எதிர்ப்பு ஓர் உடம்புக்குள் புகுந்து ரத்தத்தோடு வேலை செய்யும் என்று கனவிலும் நினைத்ததில்லை. உயிரே இல்லாத நிறம் என்று சொன்ன வாய் அவளுடையதுதான். அந்த வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதாள்.

மறுநாள் கூட்டத்தில், மஞ்சள் வாசல் பலகையோடு நிற்கட்டும், உள்ளே வேண்டாம் என்றாள்.

"நீங்கதானே மஞ்சள்னு ஒத்தைக் கால்ல நின்னீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நின்னேன். இப்ப காலைக் கீழ வச்சுட்டேன். பிள்ளை இருக்கிற அறையில சுவர் எந்த நிறத்தையும் ஏத்திவிடக் கூடாது டாக்டர். வெறும் வெள்ளை போதும்."

பிள்ளை விளக்கிலிருந்து வெளியே வந்த அன்று, ஜன்னலோரம் வைத்து அதே அட்டையோடு இன்னொரு படம் எடுத்தாள். அவன் பசியில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். அட்டையின் மேல் கிளிக் செய்தாள். மஞ்சள் இல்லை.

"இப்ப என்ன நிறம்டி என் பிள்ளை?" என்றாள் அக்கா. "எல்லாத்துக்கும் ஒரு பேர் வச்சிருப்பியே, சொல்லு."

சாயப்பெட்டி திரையை மூடிவிட்டு, அழுது சிவந்த அந்தப் பிள்ளை முகத்தையே பார்த்தாள். ஒரு பேரும் வாயில் வரவில்லை.

"சும்மா இரு அக்கா. பார்த்துக்கிட்டிருக்கேன்."