துரைக்கு வாரம் இரண்டு வேளை

இடுப்புக்குக் கீழே ஏதோ கழன்று தொங்குவது போல் வலித்தது. நூற்றெண்பது மூட்டை ஏற்றிய நாள். மூட்டைக்காரர் மாடிப்படியில் பக்கவாட்டாக ஏறினார். நேராக ஏறினால் முதுகு பிடித்துக்கொள்ளும். கதவைத் திறந்ததும், கண்ணாடிப் பெட்டிக்குள் துரை தலையைத் தூக்கி நீல நாக்கை நீட்டியது.

துரை ஓர் அரணை, வெளிநாட்டுப் பெரிய ஜாதி. முழங்கை நீளம். அறையில் கூட இருந்த வெல்டர் வளர்த்தது. நாலு மாதம் முன்பு வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது, "நானூத்தம்பது கிராம் இருக்கான்ணே. எடை குறையாம, கூடாம திருப்பிக் குடுக்கணும்" என்று சிரித்தபடி ஒப்படைத்துவிட்டுப் போனான். பெட்டியில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தான். வாரம் இரண்டு வேளை, பாதிக்கு மேல் இலை, காய். வெல்டருக்குக் கஞ்சப் புத்தி என்று நினைத்துக்கொண்டார் மூட்டைக்காரர்.

பசி அவருக்குப் பழக்கமானது. பன்னிரண்டு வயதில் கல் உடைக்கப் போனவர். ஒருத்தர் வாயைப் பார்த்திருக்க இன்னொருத்தர் சாப்பிடுவது அவருக்கு ஆகவே ஆகாது. அதனால் தினமும் சாயங்காலம் அவர் தட்டோடு உட்கார்ந்தால் துரைக்கும் ஒரு குட்டித் தட்டு. அவித்த முட்டை, ஈரல், கொத்துக்கறி. மேஸ்திரி ஏசியது, லாரி வராதது எல்லாம் அதனிடம் சொல்வார். அது மென்றுகொண்டே கேட்கும். கேட்டதாக அவர் வைத்துக்கொண்டார்.

"அரணைக்கு மறதி ஜாஸ்திண்ணே. நேத்துத் தின்னதை மறந்துட்டு இன்னிக்கும் கேக்குது. உங்களுக்குமா மறக்கும்?" என்று கிடங்கில் கிண்டல் செய்தார்கள்.

போன வாரம் துரையின் வயிறு தரையில் இழுபட்டது. கால்கள் ஊன்ற முடியாமல் பக்கத்தில் துழாவின. அட்டைப் பெட்டியில் வைத்து விலங்கு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். தராசு அறுநூற்றைம்பது காட்டியது.

"தினமுமா குடுக்குறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நான் திங்கும்போதும்மா."

"ஐயா, மூட்டை தூக்குறது நீங்க. இவன் எதைத் தூக்குறான்?"

ஈரலில் கொழுப்பு கட்டியிருந்தது. இப்படியே போனால் வருஷம் தாங்காது என்றார். இலையும் காயும் பொடியாக நறுக்கி, கொஞ்சம் நத்தை, கொழுப்பில்லாத கறி, ஒரு துண்டு பழம், மேலே சுண்ணாம்புச் சத்துத் தூள். வாரம் இரண்டு வேளைதான். "மாசம் முப்பது கிராம் குறையட்டும். அவசரப்பட்டா செத்துடும்."

"மத்த அஞ்சு நாளும்?"

"தண்ணி போதும்."

"இல்லம்மா... மத்த அஞ்சு நாளும் நான் திங்கும்போது..."

"கெஞ்சும். கண்டுக்காதீங்க."

இன்று அந்த அஞ்சில் ஒரு நாள். துரை கண்ணாடியைப் பிறாண்டியது. அவர் பெட்டி மேல் துண்டைப் போட்டார். பிறாண்டல் நிற்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து நின்றபடியே சாப்பிட்டார். திருட்டுச் சாப்பாடு போல இருந்தது. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

போன் அடித்தது. வெல்டர்.

"அண்ணே, என் ஆளு எப்படி இருக்கான்?"

"ஜம்முனு இருக்கான்டா."

"எடை?"

"நீ குடுத்த அதே நானூத்தம்பது."

"அதானே, உங்க கையே தராசாச்சே! இங்க தனி ரூம் கிடைச்சுருச்சுண்ணே. அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போயிடறேன். உங்களுக்கும் தொல்லை விட்டுரும்."

"ம்."

"என்னண்ணே, சாப்ட்டீங்களா?"

"ஆச்சுப்பா."

போனை வைத்துவிட்டு மீதிச் சாப்பாட்டை மூடினார். துண்டை விலக்கினார். துரை ஓய்ந்து போய்த் தாடையைத் தரையில் வைத்து அவரையே பார்த்தது. நாளைக்கு அதன் முறை. தரையில் உட்கார்ந்து இலையைப் பொடியாக நறுக்கத் தொடங்கினார்.

வெல்டருக்கு இருநூறு கிராம் பாக்கி.