அய்யா தலைமையில்

எனக்குக் கோபம் வந்தால் ஒரு நாளில் அடங்காது. நாற்பத்தெட்டாம் வருஷம் ஆடி, ஆவணி இரண்டு மாதமும் அடங்கவில்லை. ஒரே ஒரு ஆள் மேல் கோபம் என்றால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வேலையைப் பார்க்கலாம். எனக்கு ஊர் மேலேயே கோபம்.

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சாபீஸ் இருந்தது. எழுத்துக் கோப்பது நான். மிஷன் அச்சகத்தில் பதினாலு வயதில் பழகிய வேலை அது. 'ஊர்ச்சேதி' என்று நாலு பக்க வாரப் பத்திரிகை போட்டோம். எழுதுவது என் வீட்டுக்காரர் அமிர்தராஜ். மிஷின் மிதிப்பதும் தாள் மடிப்பதும் மூக்கம்மாள். வாய் ஓயாத பொம்பளை, படிப்பு கிடையாது, ஆனால் கை சுத்தம். மடித்து முடித்ததும் "இதுல என்னக்கா போட்டிருக்கு?" என்று கேட்பாள். நான் வாசித்துக் காட்டுவேன்.

எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். பருப்பு வேகாது. அந்த ஊரில் மக்கள் நலக் கமிட்டித் தலைவர் தனுஷ்கோடி ஒரு கிணறு வெட்டினார், நல்ல தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் வெறும் தனுஷ்கோடி இல்லை, அய்யா. கிணற்றுமேட்டில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். நானும் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

அடுத்து அய்யா இன்னொரு காரியம் செய்தார். கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, ஏழை வீட்டுக்கும் கமிட்டி செலவில் அச்சடித்த பத்திரிகை. அதுவரை வெற்றிலை பாக்கு வைத்து வாயால் சொன்ன சனங்களுக்குப் பேர் போட்ட பத்திரிகை வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'அய்யா தனுஷ்கோடி அவர்கள் தலைமையில்' என்று இருக்கும். அதற்குக் கீழேதான் மாப்பிள்ளை பேரே. சனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்கும் வேலை வந்தது, பொய் சொல்வானேன்.

ஆடியில் வாந்திபேதி வந்தது. கிணற்றுத் தெருவில் ஒரே வாரத்தில் மூன்று பேர் போனார்கள். சுகாதார அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். பக்கத்துச் சாக்கடை கிணற்றுக்குள் இறங்குகிறது, மருந்து போட வேண்டும், அதுவரை தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றார். அய்யா விட்டாரா? "எங்கிணத்துல மருந்தா? பாலுல பினாயில ஊத்துவீரா?" என்று கூட்டத்தில் கேட்டார். சனம் கைதட்டியது. மறுவாரம் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். ஊரில் வாந்திபேதியே இல்லை, அது எதிரிகள் கிளப்பிவிட்ட புரளி என்று அய்யா அறிவித்தார். செத்தவர்கள் என்ன, புரளியிலா செத்தார்கள்?

அதிகாரி சொன்னதை அப்படியே என் வீட்டுக்காரர் எழுதினார். 'கிணற்றுக்கு மருந்து போடுங்கள். அதுவரை காய்ச்சிக் குடியுங்கள்.' நான் கோத்தேன், மூக்கம்மாள் மடித்தாள். அன்று சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் கட்டுக்கட்டாகப் போட்டு எரித்தார்கள். ரவுடிகள் எரித்திருந்தால் மனசு ஆறும். எரித்தது கிணற்றுத் தெருப் பெண்கள், இடுப்பில் குடத்தோடு.

"எரிச்சது தப்புத்தான்க்கா. ஆனா அண்ணன் எழுதுனதும் தப்புத்தானே?" என்றாள் மூக்கம்மாள்.

"என்னடி தப்பு?"

"அய்யா கிணத்தப் போயி..."

மறுநாள் பொது அமைதியைக் கெடுத்தார் என்று என் வீட்டுக்காரரை லாக்கப்பில் வைத்தார்கள். கிணற்றில் தப்பில்லை, நான் எழுதியதுதான் தப்பு என்று மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுவார்களாம். நான் சோற்றுத் தூக்கோடு போனேன்.

"ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வாங்களேன். வெளிய வந்து வேற வழி பாப்போம்."

"எழுதுனா மருந்து போட மாட்டாக ஞானப்பூ. அவனே ஒத்துக்கிட்டான்னு சொல்லிருவாக."

"இப்ப மட்டும் போட்டுக் கிழிச்சிட்டாகளாக்கும்!"

அவர் சோற்றைப் பிசைந்தார். இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? ஏசுவே, பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

அச்சாபீசுக்கு அய்யா கையெழுத்தோடு உத்தரவு வந்தது. பத்திரிகை போடக்கூடாது. கமிட்டி வேலை மட்டும் செய்யலாம். எந்தச் சீட்டானாலும் மேலே அய்யா பெயர் இருக்க வேண்டும். காகிதம் கண்ட்ரோலில் இருந்த காலம், அதற்குச் சிபாரிசு அவர் கையில். நான் என்ன, காற்றிலா அச்சடிக்க முடியும்? சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்த அன்று மூக்கம்மாள் புருஷன் மொக்கையன் போய்விட்டார். காலையில் வயிறு வலிக்கிறது என்றவர் பொழுது சாயுமுன் முடிந்துவிட்டார். நாலாம் நாள் கருமாதிச் சீட்டு அடிக்கச் சொல்லி வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அய்யா பேரு நல்லாப் பெருசா இருக்கட்டும்க்கா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை நாலு அறை அறைந்திருப்பேன். தாலியறுத்து நாலு நாள்கூட ஆகவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கோத்தேன்.

கருமாதிச் சீட்டை எங்கள் பக்கம் யாரும் வீட்டுக்குள் எடுத்துப்போக மாட்டார்கள். படித்துவிட்டு வாசலிலேயே கூரையில் செருகிவிடுவார்கள். ஆவணி பாதி போவதற்குள் பதினேழு சாவுக்குச் சீட்டு அடித்தேன். கிணற்றுத் தெருவில் கூரைக்குக் கூரை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. எல்லாவற்றிலும் அய்யா பெயர்.

பக்கத்து ஊர் மல்லாங்கிணற்றிலிருந்து பஞ்சு வண்டி ஓட்டி வந்த மாரிச்சாமி என்பவர் தெருவில் நின்று ஒவ்வொன்றாக வாசித்தாராம். வாசித்துவிட்டு, "என்னப்பா, இந்த ஊருல சாவுகூட அய்யா தலைமையிலதான் நடக்குமோ?" என்று கேட்டாராம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தப் பேச்சு ரெட்டியபட்டி வரை போனது. நாலு பக்கம் எழுதி என் வீட்டுக்காரரால் ஆகாததை ஒரு வண்டிக்காரரின் கேலி செய்துவிட்டது.

அய்யா நேரே அச்சாபீசுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, சாவுச் சீட்டுல எம்பேர ஏன் போடுற?"

"அய்யா உத்தரவுங்க." எடுத்துக் காட்டினேன்.

"இனிமே போடாத."

"வாய்வார்த்தையா எப்படிங்க? அய்யா பேர எடுத்துட்டான்னு நாளைக்கு உங்க ஆளுகளே மிஷின ஒடைப்பாக. எழுதிக் குடுத்திருங்க."

உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"எந்தச் சாவுக்குமே வேண்டாமுன்னு எழுதிருங்கய்யா. பஞ்சுக்கடைப் பெரியவர் கருமாதிச் சீட்டு கோத்து வச்சிருக்கேன், ரெண்டாயிரம் அடிக்கணும். அதுலயும் எடுத்துர்றேன்."

பேனா நின்றது. பெரியவர் தொண்ணூறு வயதில் தூக்கத்தில் போனவர். ஜில்லாவே திரண்டு வரும் கருமாதி அது.

"அதுல இருக்கட்டும்."

"அப்ப எதுல வேண்டாமுன்னு தெளிவாப் போட்ருங்கய்யா. நான் பொம்பள, பின்னால எம்மேல பழி வரக்கூடாது."

எழுதினார். 'வாந்திபேதியில் இறந்தவர்களின் கருமாதிப் பத்திரிகைகளில் மட்டும் என் பெயர் போடக்கூடாது.' கீழே கையெழுத்து, தேதி. இரண்டு மாதமாக ஊரில் வாந்திபேதியே இல்லை என்ற மனிதர் அவர். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

"இத ஊருக்குத் தெரியப்படுத்தாட்டி சனங்க எங்கிட்டல்ல சண்டைக்கு வருவாக?"

"அடி, அடி," என்று எழுந்து போனார்.

அவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே நோட்டீசாக முந்நூறு அடித்தேன். விருதுநகர் பஸ்ஸில் ஏறியவர் கையிலெல்லாம் ஒன்று கொடுத்தேன். அய்யாவே எழுதிய 'வாந்திபேதி' ஜில்லா ஆபீஸ் வரை போய், மூன்றாம் நாள் அங்கிருந்து ஆட்கள் மருந்து டின்னோடு வந்து இறங்கினார்கள்.

இதற்குப் பிறகாவது ஊருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். அவர்கள் டின்னைத் திறப்பதற்குள் அய்யா மாலையோடு கிணற்றுமேட்டில் நின்றார். முதல் கரண்டி மருந்தை அவரே போட்டார். மக்கள் உயிரைக் காக்க எந்தக் கசப்பையும் நான் விழுங்குவேன் என்று பேசினார். குலவை போட்டார்கள்! இனியாவது என் வீட்டுக்காரரை விடலாமே என்று லாக்கப்பில் கேட்டதற்கு, கேஸ் கேஸ்தான், மன்னிப்பு இன்னும் வரவில்லை என்றார்கள். சாயங்காலம் கமிட்டி ஆள் வந்து 'அய்யா தலைமையில் கிணற்றுக்கு மருந்து' என்று ஐநூறு நோட்டீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மூக்கம்மாள் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அய்யா மட்டும் இல்லேன்னா நம்ம கதி என்னக்கா?" என்றாள்.

அவ்வளவுதான், நான் வெடித்துவிட்டேன்.

"கூறு கெட்டவளே! அந்த மருந்தப் போடச் சொன்னதுக்குத்தான்டி உங்கண்ணன் உள்ள கெடக்காக. அன்னைக்கே போட்டிருந்தா ஒன் தாலி நின்னிருக்கும். இது கூடவா ஒனக்கு வெளங்கல? மண்டையில என்ன வச்சிருக்க?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. துணி ஒரே இடத்தில் போய்ப் போய் வந்தது.

"வெளங்காம என்னக்கா. அண்ணன் எழுதுனத அன்னைக்கே எனக்கு வாசிச்சுக் காட்டுனீகள்ல. கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். வயித்துவலின்னு அவுக தவிச்சுக் கேக்கக் கேக்க, அந்தத் தண்ணியத்தான் காய்ச்சாம பச்சையா மோந்து மோந்து குடுத்தேன்." துணி நின்றது. "அண்ணன் எழுதுனது நெசமுன்னா, நான்ல கொன்னவ? அது நெசமா இருக்கக் கூடாதுக்கா."

இரண்டு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த வாய் எனக்கு. அன்று அவள் கையிலிருந்த துணியை வாங்கி நானே துடைத்தேன்.