நீலக் குழாயில் சிவப்பு ஹோஸ்

எங்கள் ஊரில் நீலக் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், சிவப்பைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வரும். குயின்ஸ்லாந்தின் மேற்குக் கோடியில், வொங்காடாவில் இருக்கிற நானூறு பேருக்கும் இது தெரியும். ஆழ்துளைக் கிணறு கொதிக்கக் கொதிக்கக் கக்குகிற தண்ணீரை நகரசபை அப்படியே நீலக் குழாய்க்கு அனுப்பிவிடுகிறது. ஹீட்டரை யாரும் போடுவதில்லை. அதன் தொட்டியில் கிடந்து ஆறுகிற தண்ணீர்தான் சிவப்புக் குழாயில் வரும். முகம் கழுவுவதும் கம்பளித் துணி அலசுவதும் அதில்தான்.

இது தெரியாத ஒருவனால் என் வீடு கைவிட்டுப் போக இருந்தது. எல்லாம் தெரிந்த நானும் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு சொன்ன பேச்சைக் கேட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் பெயர் வெர்னா பாஸ்கோ. வயது அறுபத்தொன்று. ஊரில் இருக்கிற ஒரே மதுக்கடையில் சமைக்கிறேன். பத்தொன்பது வருடமாக இதே வாடகை வீடு. வீட்டுக்காரர் போன வருடம் இறந்ததும் அவர் மகள் வீட்டைக் கடற்கரை நகரத்து ஏஜென்சி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டாள். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது வந்து என் அடுப்பைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

வாஷிங் மெஷின் ஹோஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம் என்று பக்கத்து வீட்டு ஜாய்லீன் சொல்வாள். சொல்லட்டும். எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ்தான் வாங்குவேன். அதுவும் தொண்ணூறு டிகிரி தாங்கும் என்று அச்சடித்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் படித்த பிறகுதான். உள்ளே ரப்பர் வாஷர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பேன். கையால் முறுக்கி, அப்புறம் ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். பலத்தைக் காட்டினால் வாஷர் நசுங்கிவிடும். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுவேன், ஹோஸ் மடங்கக் கூடாது. மாதம் ஒருமுறை தடவிப் பார்ப்பேன். எங்காவது புடைத்திருந்தால் அன்றே குப்பைக்குப் போகும். புடைக்காவிட்டாலும் ஐந்து வருடம்தான் ஆயுசு. மாட்டிய தேதியை டேப்பில் எழுதி ஒட்டியிருப்பேன்.

ஏஜென்சி அனுப்பிய ஃபிட்டர் அந்த ஹோஸ்களைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாக வெள்ளை பிளாஸ்டிக்கில் இரண்டை மாட்டினான். நீல வளையம் போட்டது நீலக் குழாய்க்கு, சிவப்பு வளையம் சிவப்புக்கு.

"நீலத்துலதான்ப்பா வெந்நீர் வரும். அந்த ஹோஸ் தாங்காது," என்றேன்.

"வெர்னா, நீலம்னா பச்சத் தண்ணி. உலகம் பூரா அப்பிடித்தான்," என்று சிரித்தான்.

"உலகத்துல போய் மாட்டு. இது வொங்காடா."

அவன் கேட்கவில்லை. அன்று மாலையே என் கம்பளி ஸ்வெட்டர் பொம்மைச் சட்டை அளவுக்குச் சுருங்கி வெளியே வந்தது. ஏஜென்சிக்கு எழுதினேன். குழாய், ஹோஸ் மாதிரியான வீட்டுப் பொருத்தல்களைத் தொட்டால் ஒப்பந்த மீறல் என்று பதில் வந்தது. நானும் தொடவில்லை. அதுதான் நான் செய்த மடத்தனம்.

ஒன்பதாம் நாள், மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் ஆவி. நீல வளைய ஹோஸ் கழுத்தோடு கிழிந்து, வெந்நீர் நடைக்கூடம்வரை ஓடிக்கொண்டிருந்தது. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குழாயை மூடினேன். அதற்குள் தரைப் பலகைகள் ஊறிப்போய்விட்டன, இரண்டே நாளில் உப்பி எழுந்தன.

ஹோஸ் கிழிந்த அன்றே அந்த இரண்டையும் பிடுங்கிவிட்டு, ஃபிட்டர் எறிந்ததிலிருந்து எடுத்து வைத்திருந்த என் எஃகு ஹோஸ்களை மாட்டினேன். சிவப்பு வளையம் போட்டது நீலக் குழாயில். தேதியும் எழுதி ஒட்டினேன்.

பலகை உப்பியதை ஏஜென்சிக்கு எழுதினேன். அடுத்த வாரம் கடிதம் வந்தது. சேதத்துக்குக் காரணம் குடியிருப்பவரின் கவனக்குறைவு என்று ஒரு தாளை இணைத்திருந்தார்கள். வியாழக்கிழமை பார்வையிட வருகிறவரிடம் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆறு மாதம் இருக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஊரில் வேறு வாடகை வீடு கிடையாது. அடுத்த ஊர் இருநூறு கிலோமீட்டர்.

"போட்டுத் தொலையேன்டி. ஒரு கையெழுத்துதானே," என்றாள் ஜாய்லீன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நான் செய்யாததுக்கா?"

"யாரு படிக்கப் போறா அத? வீடு நிக்குமில்ல?"

"நான் படிப்பேன்டி. தெனம் அந்தப் பலகையில மிதிச்சு நடக்கறவ நான்."

"அப்ப ஒன் சட்டிபானையெல்லாம் எங்க ஷெட்டுல எறக்கி வெக்க எடம் பண்ணவா?"

"பண்ணு. அப்பவும் கையெழுத்து கெடையாது."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, பத்தொன்பது வருடத்தை எந்தப் பெட்டியில் கட்டுவது என்று பயமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை வந்தவன் டைசன் கெல்லவே. இருபத்தைந்து வயசு இருக்கும், சட்டை மடிப்பு கலையாத ஆள். கடைசி ஆறு மணி நேரம் செம்மண் பாதையில் ஓட்டி வந்ததில் காது மடல்வரை தூசி. நடைக்கூடத்தைப் படம் பிடித்தான். மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"வெர்னா, ஹோஸ நீங்களே மாத்தி மாட்டியிருக்கீங்க. நீலத்துல செவப்பு. இதுவே மீறல்தான்."

"ஆமா. நான்தான் மாட்டினேன். எழுதிக்கோ."

அவன் எழுதிக்கொண்டான். பிறகு அந்தத் தாளைச் சமையலறை மேசையில் விரித்து, பேனாவையும் வைத்தான்.

"இதுல ஒரு கையெழுத்து. நான் கௌம்பிடுவேன்."

"போட மாட்டேன்."

"காலி பண்ண வேண்டி வருமே."

"அதையும் எழுதிக்கோ."

பெருமூச்சு விட்டான். "கொஞ்சம் கை கழுவிக்கறேன்," என்று பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனான். அவன் கை நீலக் குழாய்க்குப் போவதைப் பார்த்தேன். ஒரு நொடி பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

"டைசன், அது கொதிக்கும்."

"நீங்க விடவே மாட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே திருகினான்.

ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் ஜாய்லீனுக்குக் கேட்டது. விரல்கள் நண்டு நிறத்துக்குச் சிவந்துவிட்டன. நான் நீலத்தை மூடிச் சிவப்பைத் திறந்தேன்.

"இதுல காட்டு."

அவன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினான். "வேணாம், வேணாம்."

என் கையை முதலில் நீட்டிக் காட்டிய பிறகுதான் அவன் நீட்டினான். தண்ணீர் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கை அதில் நனைந்துகொண்டிருக்கும்போதே, பத்திரமாக எடுத்து வைத்திருந்த கிழிந்த ஹோஸை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். 'குளிர்ந்த நீருக்கு மட்டும்' என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. அவன் இரண்டு தடவை படித்தான்.

அந்த நேரத்தில் அவன் போன் அடித்தது. ஒரு கை தண்ணீரில் இருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான். அவன் மேலதிகாரி பெலிண்டா.

"கையெழுத்து வாங்கிட்டியா?"

டைசன் தன் விரல்களைப் பார்த்தான். "இல்ல பெலிண்டா. இங்க நீலத்துல வெந்நீர் வருது. ஹோஸ் அதனாலதான் போயிருக்கு. நம்ம ஃபிட்டர் தப்பா மாட்டியிருக்கான்."

"என்ன ஒளர்ற? அந்தப் பொம்பள ஏதாவது மாத்தி வெச்சிருப்பா. நீலத்துல எப்பிடி வெந்நீர் வரும்?"

நான் போன் பக்கம் குனிந்தேன். "பெலிண்டா, நான் வெர்னா பேசறேன். நீங்களே ஒரு தடவ வாங்க. கை கழுவத் தண்ணி இருக்கு."

பெலிண்டா போனை வைத்துவிட்டாள். டைசன் இடது கையால் பேனாவை எடுத்து, கவனக்குறைவு என்ற வரியை அடித்துவிட்டு, கோழி கிறுக்கியது போலப் பக்கத்தில் எழுதினான்: தவறான ஹோஸ், எங்கள் ஃபிட்டர். கீழே அவனே கையெழுத்துப் போட்டான்.

மூன்று வாரம் கழித்துப் பலகை மாற்ற ஆள் வந்தது. ஒரு வருட ஒப்பந்தம் தபாலில் வந்தது. பொருத்தல்களைத் தொடக் கூடாது என்ற வரி மட்டும் அதில் அப்படியே இருந்தது. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.