எத்தனை பேருங்க?

அண்ணனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லிவிடாதே என்று அம்மாவுக்கு ஒரு வாரமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம் வந்து கேட்டா அவனோட மோசமான நாளைச் சொல்லும்மா. நல்ல நாளைச் சொல்லாத."

"பெத்த புள்ளைய நானே எதுக்குடி குறை சொல்லணும்? அவனுக்காகச் சாமிகிட்ட வேண்டுன வாயி இது."

"சாமி மானியம் தராது."

அம்மா முறைத்துவிட்டு முனீசின் தலையை வாரத் தொடங்கினாள். என் அண்ணன் முனீஸ் எனக்கு மூன்று வயது மூத்தவன். பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போகவில்லை. கால் நிற்காது. பேச்சு என்று நாலைந்து சொல். அதில் ஒன்று நான். நதியாவில் பாதியை விழுங்கிவிட்டு 'தியா' என்பான். குழந்தையில் தூக்கிய மாதிரியேதான் அம்மா அவனை இன்னமும் தூக்குகிறாள். குழந்தைக்கு மீசை முளைத்து எத்தனையோ வருஷமாகிறது. தூக்கித் தூக்கி அவளுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. இருமினால் சேலை நனைகிறது. உடனே எடுத்தாக வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்.

"அப்ப முனீசை?" அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

"வீட்ல வேற யாரும் இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

யார் இருக்கிறார்கள்? அப்பா ராக்கையா செத்து நாலு வருஷம். நான் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலையில் போனால் ஷிப்மெண்ட் முடிகிறபோதுதான் வீடு. சொந்தக்காரர்கள் எல்லாம் சாத்தூர்ப் பக்கம். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்து, "முனீசை மட்டும் யார்ட்டயாவது விட்டுட்டு வாங்க" என்று வாயால் சேர்த்துச் சொல்லும் சொந்தம்.

அப்போதுதான் அந்த இல்லத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். உடுமலை ரோட்டில் ஒரு டிரஸ்ட் நடத்துகிறது, அரசு மானியத்தில். பராமரிக்கிறவருக்கு நோய், ஆபரேஷன் என்றால் பிள்ளையைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். விதிமுறை என்று ஒரு கட்டுத் தாள் தந்தார்கள். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் தாளைப் படித்த மாதிரி பி.காம் புத்தகத்தைப் படித்திருந்தால் தங்க மெடல் வாங்கியிருப்பேன்.

படித்ததில் புரிந்தது இதுதான். வருஷத்துக்கு அதிகபட்சம் முப்பது நாள். டாக்டர் சொன்ன ஆறு வாரம் அதற்குள் அடங்காது. அது அவர்கள் கவலை இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்து, 'அதிகத் தேவை', 'மிதமான தேவை' என்று பிரிப்பார்கள். அதிகத் தேவைக்கு முழு மானியம், உடனே இடம். மிதமான தேவைக்குப் பாதி மானியம், அதுவும் வரிசையில் நிற்க வேண்டும். பராமரிக்கிறவர் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்த வீட்டைத் தெரிந்த, உறவில்லாத ஒருத்தர் கூட இருந்து கேட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மாற்றுத்திறனாளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில்தான் திறன். மானியம் கேட்கப் போனால் ஒரு திறனும் இருக்கக் கூடாது.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளைச் சொல்லி வைத்திருந்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுக்கிறார்.

மேடம் வருகிற அன்றைக்கு அம்மா தரையைத் துடைத்து, முனீசுக்குப் பவுடர் பூசி, மடிப்புக் கலையாத பனியன் போட்டுவிட்டு, டீக்கு ஏலக்காய் தட்டினாள்.

"பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்றேன்.

"உனக்கு வந்தாலும் இம்புட்டுதான் செய்வேன். உன் வாய்க்கு எவனும் வரமாட்டான், அது வேற."

அனுசுயா மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். அதுதான் வினையாகப் போயிற்று. முன்னால் போர்டு மாட்டிய ஜீப்பைப் பார்த்ததும் எங்கள் லைன் வீடுகளின் ஓனர் ரத்தினசாமி ஸ்கூட்டரில் பறந்து வந்துவிட்டார்.

"ஏனுங்க, என்னங்க விசாரணை? ஊட்டு வரியெல்லாம் கட்டிப்போட்டனுங்க. கரண்டு மீட்டரும் சரியாத்தானுங்க இருக்குது."

அவர் எங்களிடம் யூனிட்டுக்கு வாங்கும் காசு வேறு கதை. மேடம் சிரித்து, விஷயத்தைச் சொன்னார். "சாட்சிக்கு யாருங்க?" என்று திரும்பினார். வாசல் வரை வந்த பாண்டியம்மாள் ஓனரைப் பார்த்ததும் அடுப்பில் ஏதோ வைத்ததாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நான் போடறனுங்க. நம்ம ஊட்டுல குடியிருக்கறவங்க, நம்ம பண்ணாம வேற யாரு பண்ணுவாங்க?" என்று சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

பல்லடத்தில் ஒன்று, வீரபாண்டியில் ஒன்று என்று முனீஸ் சத்தம் போட்டதற்காக மாறி மாறி வந்து சேர்ந்த வீடு இது. எட்டுக் குடித்தனத்துக்கு ரெண்டு கக்கூஸ். குடி வரும்போதே அம்மா, "நடக்க முடியாது, ஆனா சாதுங்க, இருக்கிற எடம் தெரியாது" என்று சொல்லித்தான் இடம் வாங்கினாள். அதற்காக அவனுக்கு ஒன்று பழக்கியும் வைத்திருந்தாள். ஓனரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் முனீஸ் தானே தன் வாயைப் பொத்திக்கொள்வான். முதலில் அவளே கையைப் பிடித்து வாயில் வைத்து, வைத்ததும் ஒரு மிட்டாய் கொடுத்தாள். பிறகு மிட்டாய் தேவைப்படவில்லை.

இப்போதும் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். விரல்களுக்கு மேலே கண் மட்டும் உருண்டது.

"தானாச் சாப்பிடுவாருங்களாம்மா?" மேடம் பேனாவைத் திறந்தார்.

"சாப்புடுவானுங்க."

"பாத்ரூம் போறதுக்கு?"

"வருதுன்னா சொல்லிருவானுங்க."

"ராத்திரி தூக்கம்?"

அம்மா ரத்தினசாமியின் பக்கமாகப் பதில் சொன்னாள். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவானுங்க. ஒரு சத்தம் கெடையாது."

"சரிதானுங்க மேடம்," என்றார் ரத்தினசாமி. "சாதுப் பையன். பாருங்க, எப்படி உக்காந்திருக்கான்."

மேடம் எழுதிக்கொண்டே போனார். நல்ல மனுஷிதான்; முகத்தில் வருத்தம்கூடத் தெரிந்தது. "அப்ப மிதமான தேவைதானுங்கம்மா வருது. இப்ப அந்தப் பிரிவுல எடம் இல்லீங்க. வரிசையில வெக்கறனுங்க. ஆறேழு மாசம் ஆகும்."

"ஆகட்டுங்க," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு இருமினாள். இருமலை அடக்கத் தொடை இரண்டையும் இறுக்கிக்கொண்டாள். ஆறேழு மாசம்.

"எல்லாம் பொய்ங்க மேடம்," என்றேன்.

"ஏய், சும்மா இருடி."

"ஊட்டிவிட்டாத்தான் சாப்பாடு. அதுலயும் பாதி துப்பிருவான். படுக்கையிலதான் எல்லாம் போறான். சொல்ல மாட்டான். காலைல எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி பாயை அலசிப்போடுறது எங்கம்மா. ராத்திரியில கத்துவான். சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு மூஞ்சியை நெஞ்சோட வெச்சு அமுக்கிப் பிடிச்சுக்குவா. கடிச்சுருவான். வேணும்னா அவ தோளைப் பாருங்க."

ரத்தினசாமி சேரில் நிமிர்ந்தார். மேடம் பேனாவைத் தூக்கிவிட்டு, அம்மாவைப் பார்த்தார். பராமரிக்கிறவர் வாயால் வர வேண்டும் அல்லவா? அம்மா தரையைப் பார்த்தாள்.

நான் முனீசிடம் போய் அவன் கையைப் பிடித்து வாயிலிருந்து எடுத்தேன். திரும்ப வைக்கப் பார்த்தான். விடவில்லை. ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். முதலில் மூச்சு, பிறகு முனகல், பிறகு அவனுடைய முழுச் சத்தம். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பாண்டியம்மாள் வீட்டு டிவி நின்றது. அவன் என்னையே பார்த்துக்கொண்டு கத்தினான். அம்மா ஓடி வந்து அவன் தலையை நெஞ்சில் அணைத்தாள். ஜாக்கெட் விலகி, தோளில் இருந்த பழைய பல்தடம் எல்லோருக்கும் தெரிந்தது.

"ஆமாங்க," என்றாள், யாரையும் பார்க்காமல். "அவ சொல்றதுதானுங்க."

மேடம் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினார். அதிகத் தேவை. ரத்தினசாமி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஜீப் போன பிறகும் வாசலில் நின்றார்.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காத. கையெழுத்து மனுசத்தன்மைக்குப் போட்டது. ஊடு வேற விசயமுங்க. அம்மா ஆபரேஷன் முடியட்டும், அவசரம் இல்ல. அந்த முப்பது நாளைக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க."

அவ்வளவு மரியாதையாக ஒருத்தரைத் தெருவில் நிறுத்த இந்த ஊர்க்காரர்களால்தான் முடியும்.

அம்மா வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவன் காதுல விழுந்துச்சுடி," என்றாள். "அம்புட்டும் அவன் காதுல விழுந்துச்சு."

முனீசை இல்லத்தில் விட நான்தான் போனேன். சுற்றிலும் தென்னை, தூரத்தில் காற்றாலைகள். அவன் வேனிலேயே அந்த றெக்கைகளைப் பார்த்துக் கழுத்தைச் சுற்றத் தொடங்கினான். நான் கிளம்பினபோது 'தியா' என்று கூப்பிடவில்லை. பழகிக்கொள்வான் என்றார்கள்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் கையைப் பக்கத்தில் நீட்டித் தடவினாள். கட்டிலில் அவன் இல்லை என்று புரிய நேரம் எடுத்தது.

தையல் காயுமுன் வீடு தேட வேண்டியதாயிற்று. ரத்தினசாமி போனில் ரெண்டு முறை விசாரித்தார், உடம்பு எப்படி இருக்குது என்று தொடங்கி. மிச்ச ரெண்டு வாரத்துக்கு இல்லத்தில் நாளை நீட்டித் தருவார்களா என்று அனுசுயா மேடத்திடம் கேட்டேன். "அடுத்த நிதியாண்டு பிறந்தாத்தானுங்க," என்றார். ஏப்ரல் வரை அம்மாவின் வயிறு காத்திருக்க வேண்டும் போல. ரெண்டு வாரம் லீவு கேட்டேன். சம்பளம் இல்லாத லீவு, திரும்பி வரும்போது சீட் இருந்தால் பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதல் கேள்வி ஒன்றுதான். எத்தனை பேருங்க? நான் சொன்னேன். மூணு பேர், அண்ணனுக்கு இப்படி. சொன்னதும் வீடு ஏற்கெனவே பேசி முடிந்ததாகிவிடும், அல்லது ஓனரின் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறவனாகிவிடுவான். 'வீடு வாடகைக்கு' போர்டு மட்டும் அப்படியே தொங்கும்.

கடைசியில் பெருமாநல்லூரில் ஒரு கீழ்வீடு. தனிக் கக்கூஸ். மாடியில் ஓனரம்மா சபுரா பீவி, மகனோடு இருந்தார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "அடி, நிக்காதம்மா, உக்காரு" என்று தண்ணீர் கொடுத்தார். நல்லவராகத்தான் தெரிந்தார்.

"எத்தனை பேருங்க?"

நான் வாயைத் திறந்தேன்.

"ரெண்டு பேருதாங்க," என்றாள் அம்மா. "நானும் என் மகளும்."

"நல்லதாப் போச்சு. என் மகன் ஷாபாசுக்கு நைட் ஷிப்டு. பகல்ல தூங்குவான். சத்தம் ஆகாது, அதான் கேட்டேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சொம்பை ரெண்டு கையாலும் பிடித்திருந்தாள். சொல்லலாம். ரத்தினசாமி முன்னால் சொன்ன வாய்தான் இது. சொன்னால் ஓனரம்மா சரி என்றுகூடச் சொல்லலாம். அல்லது மகன் வெளிநாட்டிலிருந்து வரலாம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப்பில்தான் வெடித்தேன். "அவனைப் பத்தி ஒரு குறை சொல்லக் கூடாதுன்ன. இப்ப அவனே இல்லைன்னுட்டியே!"

"நீ சொன்னதுல இருந்த வீடு போச்சு," என்றாள் அம்மா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "நான் சொன்னதுல ஒரு வீடு வந்துருக்கு. எப்படிக் கூட்டியாரதுன்னு மட்டும் யோசி."

யோசித்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷாபாஸ் பள்ளிவாசலுக்குப் போயிருக்கும் நேரம். சபுரா பீவியும் அன்றைக்கு ஊத்துக்குளியில் மகள் வீட்டுக்குப் போய்விடுவாராம். அம்மா ஒருத்தி புது வீட்டில் இருக்க, நான் வேனில் போய்க் கூட்டிவர வேண்டும். அதற்குப் பிறகு என்ன என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இல்லத்து வாசலில் முனீஸ் சக்கர நாற்காலியில் காத்திருந்தான். கறுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் "தியா!" என்று போட்ட சத்தத்தில் தென்னையில் இருந்த காக்கா பறந்தது.

"பயந்துக்காதீங்க," என்று ஆயா சிரித்தார். "இங்க இப்படித்தான். காத்தாடியப் பாத்து நாளெல்லாம் பாடுவாப்ல. நாங்களும் பாடட்டும்னு விட்டுருவோம். காட்டுல யாருக்கு என்ன?"

"வாயைப் பொத்திக்கிட்டானா?"

"எதுக்கு?" என்றார் ஆயா. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

வேனில் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தான். பாட்டு என்றால் ஒரே நீண்ட சத்தம், காற்றாலை மாதிரி மேலே போய்க் கீழே இறங்கும். பல்லடம் சிக்னலில் பக்கத்து பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் முறைத்தேன். பாடட்டும் என்று விட்டேன். அவிநாசி ரோடு தாண்டினது, பெருமாநல்லூர் வந்தது, கம்பெனிப் போர்டுகள் வந்தன. அவன் நிறுத்தவில்லை.

தெருமுனையில் வேன் திரும்பியது. மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

"முனீசு," என்றேன். "புது வீடு."

பாட்டு நின்றது. என் முகத்தைப் பார்த்தான். பிறகு வலது கையைத் தூக்கி, மெதுவாக, தானே தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

நான் அந்தக் கையை எடுத்துவிடவில்லை.