மாமியார் பையில் பேட்டரி

தச்சர் வீட்டில் கருவிகள் பதினான்கு. பேட்டரி ஒன்றே ஒன்று. டிரில், ரம்பம், மேசை விசிறி, விளக்கு, தூசி உறிஞ்சி, ரேடியோ, காய்ந்த இலைகளை ஊதித் தள்ளும் குழாய், எல்லாமே ஒரே கம்பெனிச் சாமான். பேட்டரி அரைச் செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே பத்து லித்தியம் செல்கள். எதில் செருகினாலும் அதற்கு உயிர் வரும், உருவினால் போய்விடும்.

"வீட்டுக்கு ஒண்ணு போதும். ரெண்டாச்சுன்னா யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க" என்பது தச்சரின் கட்சி. அதனால் அங்கே விசிறி சுற்றினால் ரேடியோ பாடாது. மனைவி இலை ஊதும் குழாயால் ஈரத் துணியை உலர்த்தும் நாளில் மற்றவர்கள் வியர்வையோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

மாமியார் வந்து சேரும்வரை இந்த ஒழுங்கு நன்றாகத்தான் நடந்தது. அவருக்கு உச்சி வெயிலிலும் குளிரில் பல் கிட்டும். மாப்பிள்ளை பாசத்தோடு அதே கம்பெனியின் சூடேற்றும் மேல்சட்டை ஒன்றை வாங்கித் தந்தார். அதன் பையில் பேட்டரியைச் செருகினால் முதுகெல்லாம் கதகதப்பு. அன்று பைக்குள் போன பேட்டரியை வெளியே எடுக்க அதற்குப் பிறகு மனுப் போட வேண்டியதாயிற்று.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கண் டாக்டர் வருவதாக இருந்தார். புது ஆஸ்பத்திரிக்கு நாற்பது கதவுகள் வேண்டும். மாதிரிக்குத் தச்சர் வீட்டுக் குளியலறைக் கதவைப் பார்க்கப் போகிறார். ஊரே அறிந்த கதவு அது. சாத்தினால் அடியில் ஒரு தாள் நுழையாது. எறும்புகள் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். கீல் வெளியே தெரிவது தச்சருக்கு அருவருப்பு, ஆகவே மூன்று கீல்களும் உட்பக்கம். இந்த வேலை கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, மச்சானின் பொம்மைக் கடையில் கரடிகளுக்கு மூக்கு ஒட்டப் போக வேண்டும்.

பத்தரைக்கு மாமியார் முகம் கழுவப் போனார்.

"மாப்பிள்ளை," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "உங்க தாழ்ப்பாள் பிடி என் கையோட வந்துடுச்சு. கதவு திறக்கல."

"பதறாதீங்க அத்தை. கதவுல மட்டும் சாஞ்சுடாதீங்க, பாலிஷ் போட்டிருக்கு."

"எங்கம்மா உள்ள கெடக்குறாங்க, உங்களுக்குப் பாலிஷா?" என்றாள் மனைவி.

தச்சர் டிரில்லைத் தூக்கினார். பேட்டரி இருக்க வேண்டிய இடம் பொக்கை வாயாகச் சிரித்தது.

"அத்தை, பேட்டரி?"

"என் பையிலதான் இருக்கு. இதமா இருக்கு."

"பக்கத்து வீட்ல திருப்புளி வாங்கிட்டு வரட்டுமா?" என்றாள் மனைவி. டிரில் வந்த அன்றே தச்சர் தன் கைத் திருப்புளிகளையெல்லாம் தானம் செய்திருந்தார்.

"பிரயோஜனமில்ல. கீல் உள்பக்கம். அதுவும் நான் முடுக்குன திருகாணி. மனுஷக் கையால கழலாது" என்றார், அந்த நேரத்திலும் லேசான பெருமையோடு.

"அப்ப கோடாலிதான்."

"முதல்ல என்னை வெட்டு."

மிச்சமிருந்த வழி வெளிச்சுவரில் இருந்த காற்றுத் துவாரம். பூனை நுழைவதானாலும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவு. தச்சர் ஸ்டூல் போட்டு ஏறி, துணி காயப்போடும் கயிற்றில் டிரில்லைக் கட்டி உள்ளே இறக்கினார்.

"நானா கழட்டணும்?"

"உள்ள வேற யாரு இருக்கா அத்தை? பன்னிரண்டே திருகாணி. பேட்டரியில எத்தனை விளக்கு எரியுது?"

"ஒண்ணு. அதுவும் கண்ணடிக்குது."

"அப்ப சீக்கிரம் அத்தை!" என்றார் தச்சர்.

"செய்யறேன்," என்றார் மாமியார். "ஆனா இனிமே பேட்டரி என்னது. எதுக்கு வேணும்னாலும் என்கிட்டதான் கேக்கணும்."

"இப்பவும் அப்படித்தானே நடக்குது!"

"வாயால சொல்லுங்க மாப்பிள்ளை."

சொன்னார். பிறகு பொத்தானை எந்தப் பக்கம் தள்ளுவது, முனையை எங்கே பொருத்துவது என்று விளக்கினார். "உடம்பு பாரம் மொத்தத்தையும் குடுங்க."

"என் உடம்புல ஏது பாரம்?"

"என்னைத் திட்டறதா நெனச்சு அழுத்துங்க."

டிரில் அலறியது. முதல் திருகாணி தெறித்து வந்தது. நான்காவதில் மாமியார் பாட ஆரம்பித்தார். ஐந்தாவது முடிந்ததும் சத்தம் நின்றது.

"என்னாச்சு அத்தை?"

"குளிர் காயறேன். பேட்டரியைப் பையில போட்டிருக்கேன்."

தச்சர் ஸ்டூல்மேல் நின்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். பதினொன்றாவது திருகாணி கழன்றதும் டிரில் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அதே நொடியில் வாசலில் மணி அடித்தது.

"அத்தை, மூலையில போய் நில்லுங்க. மூச்சு விடாதீங்க."

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கதவின் விளிம்பை விரலால் தடவினார். "காத்துகூடப் போகாது போலிருக்கே!"

"போகாது டாக்டரம்மா."

"போகவே போகாது" என்றது கதவு.

டாக்டர் தச்சரைப் பார்த்தார். தச்சர் விட்டத்தைப் பார்த்தார். டாக்டர் நோயாளியின் முதுகில் தட்டிப் பார்ப்பதுபோலக் கதவை இரண்டு விரலால் தட்டினார். பன்னிரண்டாவது திருகாணிக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. கதவு மெதுவாக யோசித்து, உள்பக்கமாகப் படுத்தது. பாலிஷில் ஒரு கீறல் இல்லை. மூலையில் கையில் டிரில்லோடு மாமியார் நின்றார். சோப்புத் தட்டில் பதினொரு திருகாணிகள் வரிசையாக இருந்தன.

"கடைசி ஒண்ணு நீங்க கழட்டினது" என்றார் டாக்டரிடம்.

"எவ்வளவு காலமா இந்த வேலை செய்றீங்க?"

"இருபத்திரண்டு நிமிஷமா."

டாக்டர் கண்ணாடியை இறக்கினார். "நாப்பது கதவும் உங்களுக்குத்தான் தச்சரே. ஆனா எங்கிட்ட வர்றவங்களுக்குத் தாழ்ப்பாளே கண்ணுல படாது. யாராவது உள்ள மாட்டிக்கிட்டா ஒரு சாவியாவது தள்ளணும். கதவுக்கடியில ரெண்டு விரல் இடைவெளி விடுங்க. கீல் மாட்ட இந்தம்மா வரணும்."

ரெண்டு விரல்! தச்சர் தன் இரண்டு விரலைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். கரடிகளின் மூக்கை நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

இப்போது ஆஸ்பத்திரியில் வேலை நடக்கிறது. கதவைப் பிடிப்பது மாப்பிள்ளை, முடுக்குவது மாமியார். நான்கு திருகாணிக்கு ஒருமுறை அவர் பேட்டரியைப் பைக்கு மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். முடிந்த கதவுகளின் கீழே எறும்புகள் குடும்பத்தோடு போய்வருகின்றன. தச்சர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பதினேழாவது கதவைத் தோளில் தாங்கி நிற்கிறார். அத்தைக்கு இன்னும் சூடு ஏறவில்லை.