அஞ்சு வருஷ கேரண்டி

நான் செய்த மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கண்ணு மூக்கு வைத்துச் சொல்வார்கள்.

எண்பத்தைந்தில் என் தங்கை ஞானமேரியை ஏரியூரில் கட்டிக்கொடுத்தேன். அப்பா அம்மா இல்லாத பெண், வளர்த்தது நான். மாப்பிள்ளை பிலவேந்திரன் யூனியன் ஆபீசில் பியூன். அந்த உத்தியோகத்தைச் சொல்லியே அவன் அம்மா இன்னாசியம்மாள், சீரில் பிரஷர் குக்கர் கட்டாயம் வேண்டும் என்று ஆள் விட்டிருந்தாள். பியூன் வீட்டில் குண்டானில் சோறு பொங்கினால் கௌரவம் போய்விடுமாம்!

தர்மபுரியில் ஒரு பாத்திரக் கடையில், இருந்ததிலேயே விலை குறைந்த குக்கரை எடுத்தேன். கம்பெனி பேர் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "எடுத்துட்டுப் போங்கக்கா, உங்க தங்கச்சி பேரன் பேத்திக்கும் இதுலதான் பருப்பு வேவும்" என்றார் கடைக்காரர். அஞ்சு வருஷ கேரண்டி என்று ஒரு கார்டும் கொடுத்தார். அதைப் பத்திரமாகப் பைபிளுக்குள் வைத்தேன்.

எங்கள் பக்கம் சீர்ச் சாமான்களைக் கல்யாணப் பந்தலில் பாய் விரித்துப் பரப்பி வைப்பார்கள். எது யார் கொடுத்தது என்று ஊரே குனிந்து படிக்கும். பேர் வெட்டாத பாத்திரம் பந்தலுக்குப் போகாது. காரிமங்கலம் சந்தையில் பேர் வெட்டுகிற கவுஸ் பாஷாவிடம் குக்கரை நீட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கேரண்டி சாமானுங்களே அக்கா. கொஞ்ச நாள் போவட்டும், அப்புறமா வெட்டிக்கலாமே."

"ஏன் பாய், எம் பேரை வெட்டுனா உங்க மெஷினு தேஞ்சிருமா? நாலு பேரு பாக்குற மாதிரி மூடிமேலயே பெருசா போடுங்க" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

'மிக்கேலம்மாள் அன்பளிப்பு' என்று மூடி முழுக்க வெட்டிக் கொடுத்தார். பந்தலில் எல்லாரும் படித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கல்யாணமாகி ஏழாவது மாதம் ஞானமேரி அந்தக் குக்கரோடு என் வாசலில் வந்து நின்றாள். வயிற்றில் நாலு மாதம். குக்கருக்கு மூடி பூட்டவில்லை, கைப்பிடி ஆடுகிறது, விசிலில் வரவேண்டிய ஆவியெல்லாம் பக்கவாட்டில் சீறுகிறது. இன்னாசியம்மாள் இரண்டு பேரையும் சேர்த்தே பஸ் ஏற்றிவிட்டாள்.

"வேற குக்கரு இல்லாம வூட்டுப் படி ஏறாதன்னுட்டாங்கக்கா."

"உம் புருசன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஆபீசுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு."

மறுநாளே கார்டை எடுத்துக்கொண்டு தர்மபுரிக்குப் போனேன். கடைக்காரர் மூடியைத் தூக்கிப் பிடித்து, என் பேரைச் சத்தமாகப் படித்தார். "பேர் வெட்டுன சாமானைக் கம்பெனி திருப்பி எடுக்காதுங்க. கார்டுக்குப் பின்னால போட்டிருக்குதே."

"பொடி எழுத்துல இங்கிலீசுல போட்டா நான் எதைக் கண்டேன்? விக்கிறப்பவே சொல்றதுக்கு என்ன கேடு?"

"கேரண்டிதான வேணும்? மூடிமேல உங்க பேருதான இருக்குது. இனிமே நீங்கதாங்க கேரண்டி."

கடையே சிரித்தது. பஸ்ஸில் ஏறி ஊர் வந்து சேரும்வரை அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். ஆனால் பாய் அன்றைக்கே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. என் பவிசுக்காக, வளர்த்த பெண்ணைத் தெருவில் நிறுத்தியிருந்தேன்.

ஒன்றரை மாதம் என்னோடு இருந்தாள். மாப்பிள்ளை ஒருநாளும் எட்டிப்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், "தலைப்பிரசவத்துக்கு இப்பவே வந்துட்டியா?" என்று பெண்கள் கேட்பார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள். கடைசியில் கறவை ஆடு இரண்டையும் சந்தையில் தள்ளிவிட்டு, நல்ல கம்பெனிக் குக்கராக வாங்கி, நானே கொண்டுபோய் விட்டேன். இன்னாசியம்மாள் முதலில் குக்கரைத்தான் பார்த்தாள். அப்புறம்தான் ஞானமேரியை.

பையனுக்கு ஒரு வயது ஆனபோது ஏரியூருக்குப் போயிருந்தேன். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து நின்றாள் ஞானமேரி. அடுப்பில் அலுமினியக் குண்டான். பருப்பு வேகவே இல்லை. நான் கொடுத்த புதுக் குக்கர் மேல்தட்டில், பாலித்தீன் பைகூடப் பிரிக்காமல் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்குத்தானா உன்னைத் துரத்துனா? எங்கடீ உங்க மாமியா?" என்று குக்கரை இறக்கக் கையை நீட்டினேன்.

ஞானமேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க ஒண்ணும் சொல்லலக்கா. நாந்தான் வெச்சேன். எறக்காத. இதுவும் ரிப்பேராச்சுன்னா மறுபடியும் அனுப்பிருவாங்க. இந்தத் தடவை புள்ளைய வெச்சுக்கிட்டு என்னை மட்டுந்தான் அனுப்புவாங்க."